சின்னக் கட்டமும் பெரிய கட்டமும்

"அண்ணே, ரசம்!"

செந்தூரன் திரும்பிப் பார்த்தான். பின்னால் சுவர்தான் இருந்தது. கூப்பிட்டவர் மூன்றாம் மேசைக்காரர். சோற்றின் நடுவில் குழி பறித்து வைத்துக்கொண்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னையா கூப்பிட்டீங்க?"

"வேற யாரை? சீக்கிரம் கொண்டாங்கண்ணே, சோறு ஆறிப் போச்சு."

'நான் இந்தக் கடை ஆள் இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தபோதுதான் செந்தூரன் கூடத்தைச் சரியாகப் பார்த்தான். பிரிக்பீல்ட்ஸின் அந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் ஐந்து பேர் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேரும் சிவப்பும் வெள்ளையுமாகச் சின்னக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை அணிந்திருந்தார்கள். செந்தூரன் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டான். சிவப்பு, வெள்ளை, சின்னக் கட்டம், அரைக்கை. பொத்தான்கூட அதே பொத்தான்.

பாவம், அந்தச் சட்டையை அவன் எவ்வளவு ஆசையாக வாங்கியிருந்தான் தெரியுமா!

விஷயம் இதுதான். செந்தூரனுக்கு வயது முப்பத்து மூன்று. குடிநீர் வினியோக அலுவலகத்தில் பொறியாளர். இன்றைக்கு இந்தக் கடையில் அவன் பெண் பார்க்க வந்திருக்கிறான். பெண்ணின் பெயர் பிரேமினி, வீடு சுபாங் ஜெயா. ஜாதகம் பொருந்திவிட்டது. போனில் நான்கு தடவை பேசியாயிற்று. ஒவ்வொரு தடவையும் நாற்பது நிமிடம். கடைசித் தடவை ரொட்டி சானாயை ஏன் சதுரமாகவே மடிக்கிறார்கள் என்பதைப் பற்றி மட்டுமே நாற்பது நிமிடமும் பேசினார்கள். அவனுக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. ரொம்பவே பிடித்துப்போய்விட்டது.

குறுக்கே நின்றவர் பெண்ணின் அப்பா சிவசம்பு. அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது இங்கேயே, செந்தூலில். யாழ்ப்பாணத்தைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் பேச்சில் ஒரு சொல்கூட யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வராது. இதுவரை ஏழு மாப்பிள்ளைகளை வேண்டாம் என்றிருக்கிறார். ஒருவன் மோதிரம் போட்டிருந்தான். இன்னொருவன் மோதிரம் போடவில்லை. ஒருவன் கை குலுக்கியபோது கை ஈரமாக இருந்ததாம். எல்லோருக்கும் முதல் ஐந்து நிமிடத்திலேயே தீர்ப்பு வந்துவிட்டது. அவர் எதிரில் உட்கார்ந்து பாயசம் வரைக்கும் தாக்குப்பிடித்தவன் ஒருத்தன்கூட இல்லை.

"அப்பாவுக்கு போட்டோ பிடிக்காது. போட்டோல எல்லாருமே நல்லவங்க மாதிரிதான் இருப்பாங்களாம். நேர்ல பாக்கிறப்ப அடையாளம் தெரியணும், என்ன சட்டை போட்டு வருவீங்கன்னு கேட்டார்" என்று போனில் சொன்னாள் பிரேமினி.

"நீங்களே சொல்லுங்களேன்."

"ரெட் கிங்கம் போட்டுக்குங்க லா. கடைல கிங்கம்னு கேட்டாலே குடுப்பாங்க. மேசை விரிப்புல வருமே, சின்னச் சின்னச் சதுரமா, அது. கடை பேரு அனுப்புறேன். உங்களுக்கு நல்லா இருக்கும்."

கடைசியாக இன்னொன்றும் சொன்னாள். "எட்டாவது ஆளையும் அப்பா வேணாம்னுட்டா நான் கடல் தாண்டி கூச்சிங் பிராஞ்சுக்கு டிரான்ஸ்பர் வாங்கிட்டுப் போயிடுவேன். பேப்பர்ல சைன் வச்சாச்சு. திங்கக்கிழமை குடுக்கணும்."

இன்றைக்கோ சனிக்கிழமை. அந்த எட்டாவது ஆள் ரசத்துக்காகக் காத்திருக்கும் ஒருவர் முன்னால் விழித்துக்கொண்டிருந்தான்.

சரி, சூப்பர்வைசரிடம் சொல்லிவிடலாம் என்று கல்லாப் பக்கம் போனான். சூப்பர்வைசர் வாசுவுக்கு மட்டும் வேறு சட்டை. அதே சிவப்பு, அதே வெள்ளை, ஆனால் ஒவ்வொரு கட்டமும் தீப்பெட்டி அளவு பெரியது.

"பாஸ், ஒரு சின்னத் தப்பு நடந்திருக்கு. நான் இங்க…"

"செலாயாங் பிராஞ்சுலேர்ந்து அனுப்பின ஆளா? இப்பத்தான் வர்றியா? புடி!" ரச வாளி செந்தூரன் கைக்கு வந்துவிட்டது.

"இல்ல பாஸ், இந்தச் சட்டை…"

"புது யூனிபார்ம். நல்லாத்தானே இருக்கு? மூணாம் மேசைக்கு ஊத்து, போ போ போ!"

செந்தூரனிடம் ஒரு பலவீனம் உண்டு. யாராவது கொஞ்சம் அதட்டிச் சொன்னால் அந்த வேலையை முடித்துவிட்டுத்தான் விளக்கம் சொல்லுவான். அலுவலகத்தில் மூன்று பேர் வேலையை அவன் ஒருவனே பார்ப்பது இப்படித்தான். மூன்றாம் மேசைக்கு ஊற்றினான். நான்காம் மேசை கை காட்டியது. ஐந்தாம் மேசை ஒரு சீனக் குடும்பம். "பாஸ், பாப்படம் லாகி!" என்றார்கள். இன்னும் அப்பளம் வேண்டுமாம். அதையும் கொண்டுபோய்க் கொடுத்தான்.

வாளியை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்றுகொள்வோம், பெண் வீட்டார் வரும்போது கம்பீரமாக எதிர்கொள்வோம் என்று அவன் முடிவு செய்த அதே நிமிடத்தில் அவர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். முன்னால் வெள்ளைச் சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்ட ஒரு பெரியவர், அடுத்து அவர் மனைவி, அதற்கடுத்துப் பச்சை சுரிதாரில் ஒரு பெண். இவர்கள்தான் அவர்கள் என்று செந்தூரனுக்குத் தெரியாது. அவனும்தான் யாருடைய போட்டோவையும் பார்த்ததில்லையே!

"தம்பி, இஞ்ச வாரும். அஞ்சு பேருக்கு இடம் வேணும்."

செந்தூரன் ஆறாம் மேசையைக் காட்டினான்.

"தண்ணி கொண்டு வாரும். பிறகு இலையைப் போடும். இண்டைக்குச் சனி, மச்சம் மாமிசம் சாப்பிட மாட்டம்."

தண்ணீர் ஊற்றினான். எந்த டம்ளருக்கும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பத்து வருடம் தண்ணீரிலேயே உத்தியோகம் பார்த்தவன் அல்லவா! பெரியவர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு டம்ளர்களைப் பார்த்தார்.

"ஜெயமாலா, இஞ்ச பாரும். ஊத்துறது எண்டா இப்பிடி ஊத்தவேணும். மேசையில ஒரு சொட்டு இல்லை."

அப்போதுதான் பச்சை சுரிதார் வாயைத் திறந்தது.

"அண்ணே, எனக்கு ரெண்டு அப்பளம்."

செந்தூரன் சட்டென்று அவளைப் பார்த்தான். இந்தக் குரலை அவனுக்குத் தெரியும். ரொட்டி சானாய்க் குரல்! நான்கு தடவை 'செந்தூரன், செந்தூரன்' என்று கூப்பிட்ட அந்த வாய் இப்போது அவனை அண்ணே என்று சொல்லிவிட்டது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைப்பதிலேயே கவனமாக இருந்தாள்.

இப்போதாவது சொல்லிவிட வேண்டும். தொண்டையைச் செருமினான். ஆனால் சிவசம்பு முந்திக்கொண்டார்.

"பெடியன் இன்னும் வரேல்லை. சிவப்புக் கட்டம் போட்ட சேர்ட் எண்டு சொன்னவன். இஞ்ச பாத்தா, பரிமாறுற ஆக்கள் எல்லாரும் அதைத்தான் போட்டிருக்கினம். ஒரு எஞ்சினியருக்கு வேற சட்டை கிடைக்கேல்லையோ?"

"இஞ்சாருங்கோ, முதல்ல பிள்ளை வரட்டும்" என்றார் ஜெயமாலா.

"வரட்டும், வரட்டும். ஒரு பார்வை போதும் எனக்கு. எழும்பிப் போகச் சொல்லிடுவன்."

செந்தூரன் செருமிய தொண்டையை அப்படியே விழுங்கிக்கொண்டு அப்பளம் எடுக்கப் போனான். இந்தச் சட்டையோடு 'நான்தான் மாப்பிள்ளை' என்று சொன்னால் எழும்பிப் போகச் சொல்லும் வேலைகூட அவருக்கு மிச்சம். அவன்தான் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறானே! முதலில் சட்டையை மாற்ற வேண்டும். பிறகு வாசல் வழியாகப் புதிதாக வர வேண்டும். அவ்வளவுதான்.

அப்பளத்தை வைத்துவிட்டு வாசலை நோக்கி நாலு எட்டு வைத்திருப்பான்.

"எங்க ஓடுற?" வாசு குறுக்கே நின்றார். "ரஷ் அவர்ல ஆள் கழண்டா எப்படி? ஆறாம் மேசைக்குச் சோறு யாரு போடுவா, உங்க தாத்தாவா?"

"பாஸ், அஞ்சே நிமிஷம்…"

"அஞ்சு செகண்ட் கிடையாது. போ!"

சோற்றுப் பாத்திரத்தோடு ஆறாம் மேசைக்குப் போனான். சிவசம்பு போனைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் யாருக்குப் போன் போடுகிறார் என்று யோசிக்க அவனுக்கு நேரமே கிடைக்கவில்லை. அவன் கால்சட்டைப் பைக்குள் போன் அலறியது.

ஒரு கரண்டிச் சோற்றை ஜெயமாலாவின் இலையில் அவசரமாகத் தள்ளிவிட்டு, பாத்திரத்தோடு சமையலறைக்குள் ஓடினான். கதவுக்குப் பின்னால் நின்று போனை எடுத்தான்.

"ஹலோ, அங்கிள்."

"எங்க நிக்கிறீர்?"

செந்தூரனுக்குப் பொய் வராது. சின்ன வயதிலிருந்தே வராது. "பக்கத்துலதான் அங்கிள். ரொம்பப் பக்கத்துல."

"அப்ப ஏன் இன்னும் வரேல்லை?"

"பயங்கரக் கூட்டம் அங்கிள். நகர விட மாட்டேங்கிறாங்க."

அந்தச் சமயம் பார்த்து வாசு உள்ளே தலையை நீட்டி, "ஆறாம் மேசைக்கு மோர்!" என்று கத்தினார்.

"தம்பி, அங்க ஆரோ மோர் எண்டு கத்தினவை. இஞ்சயும் அதே நேரத்தில அதைத்தான் கத்தினவை."

"ஓ… அங்கயும் மோரா அங்கிள்?"

"ரோட்டு ஜேமுக்கு நடுவில மோர் விக்கிறாங்களோ?" என்று கேட்டுவிட்டு சிவசம்பு போனை வைத்துவிட்டார்.

மோர்ச் செம்போடு போனபோது செந்தூரன் காதில் விழுந்தது இது: "பெடியன் சுத்துமாத்துக்காரன். எனக்குக் குரலைக் கேட்டாலே தெரியும்." அந்தக் குரலுக்குச் சொந்தக்காரன் அவருக்குத்தான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தான். பிரேமினி குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டான் செந்தூரன். கூச்சிங் விமானம் கண்ணுக்கு முன்னால் ஏறிப் பறந்துகொண்டிருந்தது.

வெளியே போக முடியாது. ஆனால் கழிப்பறைக்குப் போகலாம் அல்லவா? போனான். கதவைத் தாழிட்டான். சட்டையைக் கழற்றினான். அவன் மூளை பொறியாளர் மூளை. சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டால் கட்டம் மங்கலாகத் தெரியும், இந்த ஐந்து பேரில் ஒருத்தன் இல்லை என்று தெரிந்துவிடும், அப்படியே வாசலைத் தாண்டிவிடலாம். திருப்பிப் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தான்.

அதே சிவப்பு. அதே வெள்ளை. அதே கட்டம்.

அச்சடித்த துணியாக இருந்தால் பின்பக்கம் வெளுத்திருக்கும். இது நூலுக்குச் சாயம் ஏற்றி நெய்த துணி. நெடுக்கே ஒரு சிவப்பு, குறுக்கே ஒரு சிவப்பு, இரண்டும் சந்திக்கிற இடத்தில் அடர்சிவப்பு. இந்தப் பக்கம் பார்த்தாலும் அந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுதான். துணி நெய்தவனை மனதாரத் திட்டினான். இப்போது அதே சட்டையில் தையல்கள் வெளியே தெரிந்தன, பையைக் காணவில்லை, பிடரியில் சைஸ் லேபிள் வேறு ஆடிக்கொண்டிருந்தது. மறுபடி திருப்பலாம் என்றால் வெளியே யாரோ கதவைத் தட்டித் தட்டி, "அண்ணே, அவசரம்!" என்றார்கள்.

வெளியே வந்தவனை சிவசம்பு பிடித்துக்கொண்டார்.

"தம்பி! சட்டையை மறுபக்கம் போட்டிருக்கிறீர்."

செந்தூரன் செத்தேன் என்று நின்றான்.

"வேலை மும்முரத்தில சட்டை திரும்பினதுகூடத் தெரியேல்லைப் பாரும்!" சிவசம்பு மனைவி பக்கம் திரும்பினார். "இதுதான் உழைப்பு ஜெயமாலா. நான் ஒப்பீசில இருந்த காலத்தில ஒரு நாள் ரெண்டு காலுக்கும் வேற வேற நிறத்தில சப்பாத்து போட்டுக்கொண்டு போனனான். அண்டைக்குத்தான் ரிப்போர்ட் முடிக்கிற நாள். ஆருக்குச் சப்பாத்துக்கு நேரம்?"

"அதை ஏன் இப்ப சொல்லுறியள்" என்றார் ஜெயமாலா.

"தம்பி, இன்னும் கொஞ்சம் சாம்பார் விடும். நீரே விடும், மற்ற ஆக்கள் சிந்துறாங்கள்."

இப்படியாக வெயிட்டர் ஏற ஏற மாப்பிள்ளை இறங்கிக்கொண்டே போனான். இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்ததுதான் செந்தூரனுடைய துக்கம்.

கடைசி வழி அம்மா. கனகேஸ்வரி காலையிலேயே கந்தசாமி கோயிலுக்குப் போயிருந்தார். அர்ச்சனை முடித்துவிட்டு நேராகக் கடைக்கு வருவதாக ஏற்பாடு. பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று போன் போட்டான்.

"அம்மா, வர்ற வழியில எனக்கு ஒரு சட்டை வாங்கிட்டு வாங்க. உடனே!"

"ஏன் தம்பி, சாம்பார் கொட்டிட்டுதோ?"

"சாம்பாரெல்லாம் நான் கொட்டல, ஊத்திக்கிட்டுதான் இருக்கேன். கேள்வி கேக்காதீங்கம்மா. முன்பக்கம் வராதீங்க. பின்னால சந்துல, சமையலறைக் கதவுக்கு வாங்க."

இருபது நிமிடம் கழித்துக் கனகேஸ்வரி நெற்றியில் திருநீறும் கையில் பையுமாகச் சந்துக் கதவுக்கு வந்து நின்றார். மகன் மறுபக்கம் போட்ட சட்டையும் இடது கையில் மோர்ச் செம்புமாகக் கதவைத் திறந்தான்.

"ஐயோ முருகா, இது என்ன கோலம்!"

"அப்புறம் சொல்றேன். சட்டை?"

பையைப் பிரித்தான். சிவப்பு. வெள்ளை. தீப்பெட்டி அளவில் கட்டம்.

"அம்மா! நீலம் கிடைக்கலையா? பச்சை? வெள்ளை?"

"நீதானே தம்பி சிவப்புக் கட்டம் போட்டால்தான் அவையளுக்கு அடையாளம் தெரியும் எண்டு சொன்னனீ? நான் தேடித் தேடி வாங்கினனான். சின்னக் கட்டம் கடையில இல்லை, இதுதான் கிடந்தது. பெரிசாய் இருந்தா இன்னும் நல்லாத் தெரியும் எண்டு எடுத்தனான்."

அம்மாவிடம் கோபித்துக்கொள்ள முடியுமா? மகனுக்குக் கல்யாணம் ஆக வேண்டும் என்று அன்றைக்கு மட்டும் பதினொரு தேங்காய் உடைத்துவிட்டு வந்திருக்கிறார். மறுபக்கச் சட்டையைவிட இது மேல்தான் என்று அரிசி மூட்டைக்குப் பின்னால் நின்று மாற்றிக்கொண்டான்.

"நீங்க முன்பக்கமாப் போய் ஆறாம் மேசைல அவங்களோட உக்காருங்க. நான் இப்படியே சந்து வழியா சுத்தி வாசலுக்கு வந்துடறேன். தயவுசெஞ்சு ஒண்ணும் சொல்லிடாதீங்க."

"நான் என்னத்தைச் சொல்லப்போறன்?" என்றார் கனகேஸ்வரி. வாழ்நாளில் ஒரு ரகசியத்தைக்கூடக் காப்பாற்றாத அம்மா.

அம்மா போன பிறகு சந்தில் இறங்கினான். அதற்குள் சந்தின் இரண்டு முனையையும் ஆள் நுழைய முடியாதபடி லோரியால் அடைத்துக்கொண்டு காய்கறி இறக்கிக்கொண்டிருந்தார்கள். கடைக்குள் புகுந்துதான் வெளியே போக வேண்டும். ஒரே ஓட்டமாகக் கூடத்தைக் கடந்துவிடலாம் என்று தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்தான்.

பெரிய கட்டம் போட்டவனைக் கண்டதும் கடை முழுக்க அவன் மேல் பாய்ந்தது. "பாஸ், என் மீன் எங்க?" "பாஸ், தாப்பாவ் நாலு!" "பாஸ், பேன் சுத்தல!" வாசு கல்லாவிலிருந்து அவனைப் பார்த்தார். அவன் சட்டையைப் பார்த்தார். தன் சட்டையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். வேறு வழி? செந்தூரன் மீனுக்கு ஆள் அனுப்பினான், தாப்பாவ் பொட்டலம் நாலு கட்டச் சொன்னான், நாற்காலியில் ஏறி பேன் சுவிட்சைத் தட்டினான். பேன் சுற்றியது.

ஆறாம் மேசையில் இதற்குள் கனகேஸ்வரி உட்கார்ந்து, தான் யார் என்று சொல்லி, இலையும் போட்டாயிற்று.

"உங்கட மகன் எங்க?" என்று சிவசம்பு கேட்டார். "முக்கால் மணித்தியாலமாப் பக்கத்தில நிக்கிறன் எண்டு சொல்லுறார். ஆளைக் காணேல்லை."

"வருவான், இப்ப வருவான்" என்று சொல்லிவிட்டுக் கனகேஸ்வரி உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"நான் ஒண்டு சொல்லுறன், கோபிக்கக் கூடாது. எங்கட பெடியள் படிச்சு என்ன? நேரத்துக்கு வரத் தெரியாது, உண்மை பேசத் தெரியாது. இந்தக் கடையில வேலை செய்யிற தம்பி ஒருவர் இருக்கிறார்…" என்றபடி திரும்பியவர், நாற்காலியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த செந்தூரனைப் பார்த்துவிட்டார். சாப்பிட்ட கையை அப்படியே மேலே தூக்கினார். "தம்பி! இஞ்ச வாரும்! இதென்ன, பெரிய கட்டம்?"

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அரசாங்க உத்தியோகம் பார்த்த கண் படிநிலையைத் தவற விடாது. சின்னக் கட்டம் ஊழியர், பெரிய கட்டம் மேற்பார்வை என்று சிவசம்பு உட்கார்ந்த பத்தாவது நிமிடமே கணித்து வைத்திருந்தார்.

"சட்டையை மாத்திட்டேன் அங்கிள், வேற ஒண்ணுமில்ல" என்றான் செந்தூரன்.

"பாத்தியளோ தன்னடக்கத்தை! சட்டையை மாத்தினாராம்!" சிவசம்புவின் குரல் கடை முழுக்கக் கேட்டது. "நான் கிளாக்காச் சேந்து முதல் ப்ரமோஷன் வாங்கப் பதினொரு வருஷம். இந்தத் தம்பி முக்கால் மணித்தியாலத்தில வாங்கியிருக்கிறார், என்ரை கண்ணுக்கு முன்னால! தண்ணி ஊத்தினதில இருந்து பாத்துக்கொண்டிருக்கிறன். படிப்பு, பட்டம் ஒண்டும் வேண்டாம். இப்பிடி ஒரு பெடியன் வந்தா, என்ரை பிள்ளையை இப்பவே, இந்த இலைக்கு முன்னாலயே பிடிச்சுக் குடுத்திடுவன்!"

கனகேஸ்வரியின் உதடு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அது என்ரை மகன்!"

சிவசம்பு செந்தூரனைப் பார்த்தார், கனகேஸ்வரியைப் பார்த்தார், மறுபடி செந்தூரனைப் பார்த்தார். இருவருக்கும் ஒரே மூக்கு.

"நீர்தானோ அந்த வாட்டர் ஒப்பீஸ் எஞ்சினியர்?"

"ஆமா அங்கிள்."

"அப்ப எனக்குப் பொய் சொன்னீர். ஜேமில நிக்கிறன் எண்டு…"

"ஜேம்னு நான் சொல்லல அங்கிள். ரொம்பப் பக்கத்துல இருக்கேன்னேன், பக்கத்துலதான் இருந்தேன். கூட்டம், நகர விட மாட்டேங்கிறாங்கன்னேன். நிஜமாவே நகர விடல." இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை என்று தோன்றியதும் மனதில் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. "யாரோ ரசம் கேட்டாங்க அங்கிள், இல்லேன்னு சொல்லத் தெரியல. அப்புறம் நீங்க வந்து தண்ணி கேட்டீங்க. உங்களுக்கு என்னைப் பாத்ததும் பிடிக்காமப் போயிடுமோன்னு பயந்துட்டேன். எனக்கு பிரேமினியை ரொம்பப் பிடிச்சிருக்கு. அதனாலதான் ஓடாம இருந்தேன்."

சிவசம்பு வாயைத் திறந்தார். ஏழு பேருக்குச் சொன்ன அந்தச் சொல் அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்க வேண்டும். ஆனால் ஜெயமாலா கை நீட்டி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"இலைக்கு முன்னால எண்டு சொல்லிட்டியள். கடை முழுக்கக் கேட்டது."

ஐந்தாம் மேசைச் சீனக் குடும்பம்கூடத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. என்ன பேச்சு என்று புரியாவிட்டாலும் அந்த வீட்டுப் பெரியவர் கட்டை விரலை உயர்த்தி, "குட் வெயிட்டர் லா!" என்றார்.

சிவசம்பு நீண்ட பெருமூச்சு ஒன்றை விட்டார். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இரும். சாப்பிட்டனீரோ?"

"இன்னும் இல்ல அங்கிள்."

"ஆரங்க! ஒரு இலை போடுங்கோ! இவருக்குச் சிந்தாமல் ஊத்தவேணும், சொல்லிப்போட்டன்!"

செந்தூரன் சாப்பிட்டான். என்ன சாப்பிட்டான் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. சிவசம்பு தன் பதினொரு வருடக் கதையை மூன்றாவது கூட்டு வரும்போது ஆரம்பித்து, பாயசத்தின்போதுதான் முடித்தார். கனகேஸ்வரியும் ஜெயமாலாவும் அதற்குள் தாலிக்கொடி எத்தனை பவுன் என்பது வரைக்கும் போய்விட்டார்கள். எட்டாவது மாப்பிள்ளை பாயசத்தை வழித்து முடித்தான்.

கை கழுவுகிற இடத்தில் பிரேமினி பக்கத்தில் வந்து நின்றாள். முகமெல்லாம் சிவந்திருந்தது, கண்ணில் தண்ணீர்.

"அழுதீங்களா?" என்று அவன் பதறிப்போய்க் கேட்டான்.

"சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது" என்றாள் அவள். "கூச்சிங் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுடறேன். இனிமே அண்ணேன்னு கூப்பிட மாட்டேன், ப்ராமிஸ்." சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

செந்தூரனுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போல இருந்தது. பக்கத்தில் தங்கமணி வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் கடையில் இருபது வருடமாகப் பரிமாறுகிறவர், இப்போதும் சின்னக் கட்டச் சட்டையில்தான் இருந்தார்.

"அண்ணே, எல்லாம் முருகன் செயல். நீங்க இன்னிக்குன்னு பாத்துப் புது யூனிபார்ம் போட்டிருக்கலன்னா, அந்த அங்கிள் என்னை அஞ்சே நிமிஷத்துல வெளிய அனுப்பியிருப்பார்."

தங்கமணி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க யூனிபார்ம் எப்பவும் கறுப்பு டீ-சட்டைதான் தம்பி, நேத்து அந்தப் பச்சை சுரிதார்ப் பொண்ணுதான் வந்து ஆளுக்கு ஒரு கட்டச் சட்டை குடுத்து, 'இதே சட்டையோட ஒருத்தர் வருவார், எங்கப்பா சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அவரை உக்கார மட்டும் விட்றாதீங்க'ன்னு வாசுகிட்ட சொல்லிட்டுப் போச்சு!"